பாடுமுன் வாசிக்க: வழிபாட்டுப் பாடலில் கடவுளோடுள்ள உறவைக் கண்டுகொள்ளும் முறை

இராமநாதபுரம் கடற்கரையில், தொண்டி, காரங்காடு தொடங்கி மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வரையிலும், தெற்குக் கரையில் மூக்கையூர் வரையிலும், ஞாயிறு வழிபாட்டுக்கான பாடல்களைத் தேர்வு செய்வது பெரும்பாலும் சனிக்கிழமை மாலையில் கீபோர்டு வாசிப்பவரும் பாடகர் குழுவின் மூத்தவர் ஒருவரும் பேசி முடிக்கிற காரியமாக இருக்கிறது. மெட்டு மக்களுக்குத் தெரியுமா, சுருதி பெண்களுக்கு எட்டுமா, போன வாரம் பாடியதா என்ற மூன்று கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பாடல் கடவுளை யாராகக் காட்டுகிறது, பாடுகிறவரை அவர் முன்னால் யாராக நிறுத்துகிறது என்ற கேள்வி அங்கே எழுவது குறைவு. அதைக் கேட்டு விடை காண்பதற்கான முறையை, பாடகர் குழுவினருக்கும் உபதேசியாருக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன். இசையறிவு இதற்குத் தேவையில்லை. பள்ளியில் படித்த எழுவாயும் பயனிலையும் நினைவிருந்தால் போதும்.

இன்று இந்தக் கரையில் மூன்று வகைப் பாடல்கள் ஒரே வாயில் வந்து சேர்கின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டுத் தாய்மொழிக்கு வழி திறந்தபின், கத்தோலிக்கத் திருப்பலிக்காகத் தமிழில் எழுதப்பட்டவை ஒரு வகை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோரிடமிருந்து வந்த கீர்த்தனைகளும், மேற்கத்திய மெட்டில் அமைந்த பாமாலைகளும் சேர்ந்த சீர்திருத்தச் சபை மரபு மற்றொன்று. கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் கேசட்டிலும் குறுந்தகட்டிலும் பரவி இப்போது கைபேசியில் வரும் ஆராதனைப் பாடல்கள் மூன்றாவது. காலையில் திருப்பலியில் முதல் வகையைப் பாடிய பெண் மாலையில் கருவாடு காயப்போட்டபடி மூன்றாம் வகையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இவற்றுள் எதுவும் தள்ளுபடியானதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் கடவுளோடு பேசுவதற்கு ஒவ்வொரு முறையைக் கற்றுத்தருகிறது. தேர்வு செய்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மெட்டைக் கழற்றி எழுதுதல்

முதலில் பாடலை ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். அச்சிட்ட வரி அமைப்பை விட்டுவிட்டு, வாக்கியம் வாக்கியமாக எழுதுங்கள். தாளத்துக்காக உடைக்கப்பட்ட வரிகளில் எழுவாய் ஓரிடத்திலும் வினை மூன்று வரி தள்ளியும் கிடக்கும். சேர்த்து எழுதினால்தான் யார் என்ன செய்தார் என்பது தெரியும். திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் எழுதிவிட்டு, எத்தனை முறை வருகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று சரணம் உள்ள பாடலில் பல்லவி குறைந்தது நான்கு முறை பாடப்படும். நேரமில்லை என்று கடைசிச் சரணம் விடப்பட்டால், அந்தச் சரணத்தில் இருந்த கருத்து அந்தச் சபையைப் பொறுத்தவரை இல்லாததாகவே ஆகிவிடும். கீர்த்தனைகளில் இந்த இழப்பு அதிகம். அவற்றில் பல்லவி அழைக்கும், சரணங்கள் காரணம் சொல்லும். சரணங்களை வெட்டிவிட்டால் எதற்காக அழைக்கிறோம் என்பது தெரியாமல் அழைத்துக்கொண்டே இருப்போம்.

எழுதியதைப் பேச்சுக் குரலில் ஒருமுறை உரக்க வாசியுங்கள். சில பாடல்களில் வினைமுற்றே இருக்காது. அன்பே, அமுதே, ஆருயிரே, ஆதாரமே என்று விளிகள் மட்டும் அடுக்கி வரும். அதைக் குறை என்று உடனே சொல்லிவிட வேண்டாம். விளித்துப் போற்றுவது தமிழில் மிகப் பழைய வழிபாட்டு வடிவம். ஆயினும் விளி மட்டுமே உள்ள பாடலில் இருவருக்கும் இடையே ஏதும் நடக்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டு, அதற்கு அடுத்தபடி பாடுவது நிகழ்ச்சி உள்ள பாடலாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் பேசுகிறார், யாரிடம்

அடுத்து, நான், நாம், நாங்கள், அவர், நீர் ஆகிய சொற்களையும் அவற்றின் வேற்றுமை வடிவங்களையும் வட்டமிடுங்கள். கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’, கேட்பவரை விலக்கிச் சொல்லும் ‘நாங்கள்’ என இரண்டு பன்மைகள் நம் மொழியில் உண்டு. அருகில் நிற்பவரைப் பார்த்து “நாம் பாடுவோம்” என்கிறோம். கடவுளைப் பார்த்து “நாங்கள் பாடுகிறோம்” என்கிறோம். “நாம் உம்மைப் போற்றுகிறோம்” என்று ஒரு பாடல் சொன்னால், போற்றப்படுகிறவரையே போற்றுகிறவர்களின் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறது. ஓரசைச் சொல் வேண்டும் என்பதற்காக இப்படி எழுதுகிறார்கள். ஒரு வரிக்காக நல்ல பாடலைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் பாடல் முழுவதும் இந்தக் குழப்பம் இருந்தால், எழுதியவர் யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்பதைத் தீர்மானிக்கவில்லை என்று கொள்ளலாம்.

இந்த வேறுபாட்டின் கூர்மையை மாற்கு நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் பார்க்கலாம். புயலில் படகு நிரம்புகிறது. இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். பழைய மொழிபெயர்ப்பில் சீடர்கள், “போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா” என்று கேட்கிறார்கள். அவரும் அதே படகில்தான் இருக்கிறார். படகு கவிழ்ந்தால் அவருக்கும் அதே கடல்தான். ஆனாலும் பயத்தில் அவர்கள் வாயில் ‘நாங்கள்’ என்றுதான் வருகிறது. தூங்குகிறவர் அந்தப் பன்மைக்கு வெளியே நிற்கிறார். இந்தப் பகுதியை வைத்து எழுதப்பட்ட பாடல் எது கிடைத்தாலும், அதில் படகிலுள்ளோர் ‘நாங்கள்’ என்கிறார்களா, ‘நான்’ என்கிறார்களா, இயேசு தூங்கிக்கொண்டிருந்தது பாடலில் இருக்கிறதா, அல்லது அவர் எழுந்து அதட்டியது மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

‘அவர்’ என்று தொடங்கிய பாடல் ‘நீர்’ என்று மாறும் இடத்தையும் கவனிக்க வேண்டும். சங்கீதம் 23 இதற்குச் சரியான பாடம். மேய்ப்பர், புல்வெளி, அமர்ந்த தண்ணீர் வரை ‘அவர்’ என்று சொல்லிக்கொண்டு வந்தவர், மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்” என்று நேரே அவரிடமே பேசத் தொடங்குகிறார்; 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்திலும் அதே இடத்தில்தான் ‘நீர்’ வருகிறது. இதைத் திருப்பி எழுதி வைத்திருக்கும் பாடல்களும் உண்டு: சுகமான வரிகளில் ‘நீர்’, துன்பம் பேசும் வரிகளில் ‘அவர்’. அப்படிப்பட்ட பாடலைத் திரும்பத் திரும்பப் பாடுகிறவர், துன்பம் வந்தால் கடவுளைப் பற்றிப் பேசுவதற்கே பழகுவார்; கடவுளிடம் பேசப் பழகமாட்டார் என்பது என் கருத்து.

‘நான்’ என்று பாடுவதில் பிழை எதுவும் இல்லை. சங்கீதங்களில் பெரும்பகுதி ஒரு தனி மனிதரின் குரல்தான். ஆனால் ஒரே வழிபாட்டில் வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல், நன்றிப் பாடல் எல்லாமே ‘நான்’ என்று இருந்தால், கோயிலில் இருநூறு பேர் நின்றாலும் இருநூறு தனி அறைகளில் நிற்பது போலாகிவிடும். இந்தக் கரையில் தொழிலே ஒருவருடையதாக இருப்பதில்லை. கரைவலைக்கு இரு பக்கமும் ஆள் வேண்டும். விசைப்படகில் போகிறவர்கள் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புகிறார்கள். பாசி எடுக்கப் போகும் பெண்களும் கூட்டமாகவே கடலில் இறங்குகிறார்கள். ஆகவே, மன்றாட்டுக்கு முன்போ பின்போ வரும் ஒரு பாடலாவது ‘நாங்கள்’ என்று பேசுவதாக அமையட்டும்.

நீ, நீர், நீங்க

விவிலிய மொழிபெயர்ப்புகள் கடவுளை ‘நீர்’ என்றும், பழையது சில இடங்களில் ‘தேவரீர்’ என்றும் அழைக்கின்றன. வழிபாட்டு மொழியும் அதையே பின்பற்றுகிறது. அன்றாடப் பேச்சில் இப்போது பெரும்பாலும் யாரையும் ‘நீர்’ என்று அழைப்பதில்லை என்பதால், அச்சொல்லுக்கு ஒரு தனி மரியாதை வந்துவிட்டது. தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் ‘நீ’ என்று தாராளமாக அழைத்த மரபின் செல்வாக்கில், வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்திய கத்தோலிக்கப் பாடல்கள் பலவற்றில் ‘நீ’ வருகிறது. புதிய ஆராதனைப் பாடல்கள் ‘நீங்க’ என்றும், ‘இயேசப்பா’ என்றும் பேச்சுத் தமிழுக்கே இறங்கிவிட்டன.

மூன்றுக்கும் நியாயம் உண்டு. வீட்டில் அம்மாவை ‘நீ’ என்றும் அப்பாவை ‘நீங்க’ என்றும் அழைக்கிற குழந்தைக்கு எது நெருக்கம், எது மரியாதை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகையால் எது சரி என்று வழக்காடாமல், பாடல் ஒரே நிலையில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். பல்லவியில் ‘நீர்’, சரணத்தில் ‘நீ’, முடிவில் ‘நீங்க’ என்று வந்தால், அந்த மாற்றத்துக்குப் பாடலுக்குள் காரணம் இருக்கிறதா, எதுகைக்காக மாறியதா என்று கேளுங்கள்.

வினை யாருடையது

இந்த முறையின் மையம் இதுதான். பாடல் கடவுளை அப்பா என்று அழைக்கிறதா, அரசே என்று அழைக்கிறதா என்பதை விட, வாக்கியங்களில் யார் செயல்படுகிறார் என்பதே உறவைக் காட்டும். இரண்டு நிற மையால் வினைகளை அடிக்கோடிடுங்கள்: கடவுள் செய்பவை ஒரு நிறம், பாடுகிறவர் செய்பவை மற்றொரு நிறம். விளக்கத்துக்காக நானே கட்டிய சரணம் ஒன்று:

அப்பா உம் பாதம் அமர்ந்தேன்
ஆவலாய்ப் பாடி மகிழ்ந்தேன்
உள்ளம் உருகி அழுதேன்
உம்மிலே என்னை மறந்தேன்

மோனையும் இயைபும் அமைந்திருக்கின்றன, பாடவும் வரும். ஆனால் அமர்ந்தது, மகிழ்ந்தது, அழுதது, மறந்தது எல்லாம் நான். அப்பா என்று அழைக்கப்பட்டவர் நான்கு வரியிலும் ஒன்றும் செய்யவில்லை. உறவுப் பெயர் நெருக்கமானது; உறவு மட்டும் ஒருதலையானது. இதே அளவில் மற்றொன்று:

ஆழியில் பாதை அறிவீர்
அலைமேல் நடந்து வருவீர்
கூழுக்கு அழுதால் கொடுப்பீர்
கொடுத்ததைப் பகிரச் சொல்வீர்

இதில் உறவுப் பெயரே இல்லை. ஆனால் வருகிறவரும் கொடுக்கிறவரும் யாரென்று தெரிகிறது. அவர் நம்மிடம் ஒன்றைக் கேட்கவும் செய்கிறார். சிறந்த கவிதை என்று இதைச் சொல்லவில்லை. வினைகளை மாற்றினால் உறவு மாறுவதைக் காட்டுவதற்கு இது போதும்.

வினையின் காலமும் முக்கியம். ‘செய்தீர்’ என்பது நினைவு கூர்தல். ‘செய்கிறீர்’ என்பது சாட்சி. ‘செய்யும்’, ‘தாரும்’, ‘இரங்கும்’ என்பவை மன்றாட்டு. ‘செய்வீர்’ என்பது நம்பிக்கை. நல்ல பாடல்கள் பலவற்றில் இறந்தகாலம் முதலில் வந்து எதிர்காலத்துக்குத் தளம் போடும்: அன்று கடலைப் பிளந்தீர், இன்றும் எங்களைக் கரை சேர்ப்பீர் என்று. முந்தியது இல்லாமல் ‘தருவீர், உயர்த்துவீர், பெருக்குவீர்’ என்று எதிர்காலம் மட்டும் அடுக்கிவரும் பாடல்களை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்க வட்டிக்கு வாங்கியோர் நிறைந்த சபையில் பாடுவதற்கு முன் இருமுறை யோசியுங்கள். அவை வாக்குறுதியாகக் கேட்குமா, கேலியாகக் கேட்குமா என்பது அந்த வாரத்து அடுப்படியைப் பொறுத்தது. சங்கீதம் 23-ஐ அதே காலத்தில் தயங்காமல் பாடலாம். குறையில்லை என்று தொடங்கினாலும் பள்ளத்தாக்கையும் பகைவரையும் மறைக்காத பாடல் அது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம் புனிதர் பாடல்களில் நிகழ்ச்சிக்குக் குறைவே இல்லை. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டுண்டு இறந்த அருளானந்தரைப் பற்றிய பாடல் என்றால், ஊர் பெயர் வரும், வாள் வரும், மக்கள் இன்றும் எடுத்துச் செல்லும் செம்மண் வரும். கடவுளைப் பற்றிய பாடலுக்கு வரும்போது அதே எழுத்தாளர்கள் உருகுதலிலும் நெகிழ்தலிலும் நின்றுவிடுகிறார்கள். புனிதருக்கு எழுதுவது போலவே, என்ன நடந்தது என்று கடவுளுக்கும் எழுதலாமே.

உறவுப் பெயர்கள்

தமிழில் கடவுளுக்கு உறவுமுறை சொல்லிப் பாடுவது கிறிஸ்தவத்துக்கு முந்தியது. சைவர்கள் அப்பரை அடிமை நெறிக்கும், சம்பந்தரை மகன்மை நெறிக்கும், சுந்தரரைத் தோழமை நெறிக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அப்பரும் சம்பந்தரும் இராமேசுவரத்தையும் பாடியிருக்கிறார்கள். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை போன்றோர் வழியாக இந்த மொழி கிறிஸ்தவப் பாடலுக்குள்ளும் வந்தது. ஆகவே ‘அடியேன்’ என்ற சொல்லைப் பார்த்ததும் அது விவிலியத்திலிருந்து மட்டும் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

அடிமை என்ற உறவைக் கையாளுகையில், கேட்பவர் யார் என்று பாருங்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுத்துத் தீர வேண்டிய நிலையில் இருக்கும் ஒருவருக்கு அந்தச் சொல் பக்திச் சொல்லாக மட்டும் கேட்காது. அதை நீக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடிமையின் கோலம் எடுத்தவர் கிறிஸ்துவே என்று பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. “இனி உங்களை ஊழியக்காரரென்று சொல்வதில்லை, சிநேகிதர் என்றேன்” என்ற பொருளில் யோவான் பதினைந்தாம் அதிகாரமும் பேசுகிறது. அடிமை என்று தொடங்கி, அந்த இரண்டில் ஒன்றையாவது தொடுகிற பாடலைத் தேர்ந்தெடுங்கள்.

அதிகம் சச்சரவுக்குள்ளாவது மணவாளன் உறவு. ‘நேசர்’, ‘ஆத்தும நேசர்’, ‘மணவாளன்’ என்று வரும் பாடல்கள் சினிமாக் காதல் பாட்டுப் போல இருக்கின்றன என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. இந்தக் கரைக்கு அந்த மொழி புதிதில்லை. தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு, இறைவனையே மனோன்மணி என்று காதலியாக விளித்துக் கண்ணிகள் பாடியிருக்கிறார். ஆழ்வார்கள் தலைவியின் குரலில் பாடியதை எல்லாரும் அறிவர். விவிலியத்திலும் சாலொமோனின் உன்னதப்பாட்டு இருக்கிறது. கத்தோலிக்கர் அதை இனிமைமிகு பாடல் என்பர்.

எனவே காதல் மொழி என்பதற்காகத் தள்ளாமல் இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். முதலாவது, இயேசு என்ற பெயரை எடுத்துவிட்டுப் பாடலைக் கிறிஸ்தவர் அல்லாத நண்பர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அது யாரைப் பற்றியது என்று அவர் ஊகிக்கும்படி சிலுவையோ, அப்பமோ, மன்னிப்போ, ஏதேனும் ஒரு செயல் பாடலில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, மணமகள் யார் என்று கேளுங்கள். எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில் மணமகள் திருச்சபை. தனி ஆள் இல்லை. திருச்சபை மணமகள் என்று பாடும்போது, அறுபது வயதுச் சம்மாட்டியும் (படகு உரிமையாளரும்) கணவனை இழந்த இளம்பெண்ணும் கூச்சமின்றிச் சேர்ந்து பாடலாம். தனி ஆளின் ஏக்கமாகப் பாடும்போது இளைஞர் கூட்டத்துக்கு அது பொருந்தலாம். பொது வழிபாட்டில் பாதிப்பேர் வாயசைத்துக்கொண்டு நிற்பார்கள்.

தாய் என்ற உறவைக் கடவுளுக்குச் சொல்லும் பாடல்கள் நம்மிடம் அரிது. தாய் என்று அழைக்கும் மொழியையெல்லாம் மாதாவுக்கும், “கடல் அம்மா” என்று கடலுக்கும் கொடுத்துவிட்டோம். தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்று ஏசாயா 66:13 சொல்வதால், அப்படி ஒரு பாடல் கிடைத்தால் ஒதுக்காதீர்கள். மாதா பாடல்களில் வினைகளைத் தனியே பாருங்கள். ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பதும் ‘நீரே எல்லாம் தாரும்’ என்பதும் வெவ்வேறு உறவுகள். கத்தோலிக்கப் போதனைப்படி மாதா பரிந்து பேசுகிறவர். திருநாள் நவநாளுக்குப் பாடல் எடுப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மேய்ப்பரையும் அரசரையும் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை. அவை எல்லாப் புத்தகத்திலும் போதிய அளவு உள்ளன.

பாட்டில் வரும் கடல்

உள்நாட்டில் இருந்து எழுதுகிறவர்களுக்குக் கடல் ஓர் உருவகம்: பாவக் கடல், துன்பக் கடல், கடக்க வேண்டிய பெருங்கடல். கரையில் வாழ்கிறவர்களுக்கு அது வேலைக்குப் போகும் இடம். வாடைக் காற்று எழும்பினால் வடகடல் சீறும், கச்சான் காற்று அடித்தால் தென்கடல் சீறும் என்று பார்த்துத் தொழிலுக்குப் போகிறவரிடம், கடல் முழுவதும் தீமை, கரை முழுவதும் நன்மை என்று பாடினால் அவர் அதைப் பாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொள்வார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கடலின் கோபம் தெரியாததில்லை. ஆனால் அதே கடல்தான் சோறு போடுகிறது.

பாறை என்ற பொருளில் கடவுளுக்குச் சொல்லப்படும் கன்மலை என்ற சொல்லையும் இப்படியே பாருங்கள். பாலைநிலத்தில் பாறை அடைக்கலம். இங்கே கடலுக்கடியில் கிடக்கும் பார் என்னும் பாறைத்திட்டு, மீன் சேரும் இடமாகவும் படகின் அடியைக் கிழிக்கும் இடமாகவும் இருக்கிறது. சிறுவர்களுக்குப் பாடல் கற்றுக்கொடுக்கும்போது, தாவீது மலைநாட்டில் ஓடி ஒளிந்தவர் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கற்றுக்கொடுங்கள்.

கடற்பாடலுக்கு நல்ல அளவுகோல் சங்கீதம் 107. அதன் பிற்பகுதியில் கப்பலேறித் தொழில் செய்கிறவர்கள் வருகிறார்கள். அலை ஏறி இறங்குகிறது, அவர்களுடைய திறமையெல்லாம் கைவிட்டுப் போகிறது, கூப்பிடுகிறார்கள், கொந்தளிப்பு அடங்குகிறது, அவர்கள் போக விரும்பிய துறையில் அவர் சேர்க்கிறார். கடலை விட்டுத் தப்ப வேண்டும் என்று அதில் யாரும் கேட்கவில்லை. நாளை அவர்கள் மறுபடியும் கடலுக்குத்தான் போவார்கள்.

முறையீட்டுக்கு இடம்

சங்கீதங்களில் எண்ணிக்கையில் மிகுந்திருப்பவை முறையீடும் புலம்பலும்தான். “எதுவரைக்கும்?” என்று 13-ஆவது சங்கீதம் கேட்கிறது, 88-ஆவது சங்கீதம் ஆறுதல் எதுவும் வராமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. நம் பாட்டுப் புத்தகங்களில் இதற்கு நிகரானவை தவக்காலத்துப் பகுதியில் மட்டும் இருக்கின்றன. அவையும் பெரும்பாலும் இயேசுவின் பாடுகளுக்காக அழுகின்றன. கடலுக்குப் போனவர் திரும்பாத வாரத்தில், அல்லது படகோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி வந்த வாரத்தில், அந்த வீட்டார் முன்வரிசையில் இருக்கும்போது வெற்றிப் பாடலைத் தொடங்கினால், கடவுளிடம் நல்ல முகத்தோடு மட்டுமே வர வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்வதாகும். கேள்வி கேட்பதும் உறவுக்குள் உள்ளதே. உறவில்லாதவரிடம் யாரும் “உமக்குக் கவலையில்லையா” என்று கேட்கமாட்டார்கள்.

ஆகையால் ஒவ்வொரு பாடகர் குழுவும் தவக்காலத்துக்கு வெளியே பாடக்கூடிய முறையீட்டுப் பாடல்கள் சிலவற்றைத் தேடி வைத்திருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் எழுதலாம். அச்சான பாடலின் சொற்களை மட்டும் எழுதியவரின் அனுமதி இல்லாமல் மாற்றாதீர்கள். பொருந்தாததை விட்டுவிட்டு வேறொன்றைப் பாடுவதே முறை.

புதிதாக எழுதுவோருக்கு இக்கரையிலேயே ஒரு வடிவம் இருக்கிறது. துடுப்பு வலிக்கையிலும் கரைவலை இழுக்கையிலும் பாடிய அம்பா பாட்டில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஒரே தொடரைத் திருப்பிச் சொல்லி இழுப்பார்கள். எந்திரம் வந்தபின் அது குறைந்துவிட்டாலும் முதியவர்களிடம் மெட்டு இன்னும் இருக்கிறது. அந்த வடிவத்தில் ‘நாங்கள்’ தானாகவே வந்துவிடும். மாதிரிக்கு:

வாடை எழும்பி வலையறுத்த ராவிலே
— எங்கிருந்தீர் ஆண்டவரே
கூடப் போன வள்ளம் கரைவந்து சேரலையே
— எங்கிருந்தீர் ஆண்டவரே
பிள்ளை கேட்குதே பதில்சொல்லத் தெரியலையே
— எங்கிருந்தீர் ஆண்டவரே
கூப்பிட்டபோதே கடலடக்கித் தந்தவரே
— எங்களிடம் வாரும் ஆண்டவரே

மேலே சொன்ன கேள்விகளை இதன்மேலும் வைத்துப் பாருங்கள். பேசுபவர் ‘நாங்கள்’, வினைகளில் கடவுளுடையவை இருந்தீர், தந்தவர், வாரும் ஆகியன, இறந்தகாலம் ஒன்று கடைசி மன்றாட்டுக்குத் தளமாக நிற்கிறது, உறவுப் பெயராக ‘ஆண்டவர்’ மட்டுமே இருக்கிறது. குறையும் தெரியும்: அடியெடுப்பவரின் நான்காம் வரியில் கடலடக்கியது எப்போது என்பது விவிலியம் தெரியாதவருக்கு விளங்காது. அதைத் தீர்க்க இன்னொரு வரி வேண்டும்.

எழுதியதை மேடைக்குக் கொண்டுபோவதற்கு முன், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் இரண்டு மூன்று பேருக்குப் பாடாமல் சொல்லிக் காட்டுங்கள். ஒருமுறை கேட்டதிலேயே யார் யாரிடம் என்ன கேட்கிறார் என்று அவர்கள் திருப்பிச் சொல்லிவிட்டால் வாக்கியம் சரியாக இருக்கிறது. பிறகு பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ காட்டி ஒப்புதல் பெறுங்கள். சபைக்குக் கற்றுக்கொடுக்கும்போது திருப்பிச் சொல்லும் தொடரை மட்டும், கீபோர்டு இல்லாமல், முதலில் பழக்குங்கள். இழப்பு நேர்ந்த வாரத்திலேயே பாடுவதாக இருந்தால் அந்த வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால், அவர்கள் கேட்கும் பாடல் மெட்டுக்காக மட்டும் பிடித்த பாடலாக இருந்தாலும் அதையே பாடுங்கள்.